லயத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

கொழுந்துக்கூடை (வண்டிப்பெரியார்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது பீருமேடு தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மாவும் ஆச்சியும் கொழுந்து எடுத்தவர்கள். இப்போது வண்டிப்பெரியாரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து, லயத்தை ஒட்டி இருக்கும் பழைய கிளப் அறையில் வாரத்துக்கு 2 மாலை 11 பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித் தருகிறேன். 11 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள். எல்லோரும் பள்ளிக்குப் போகிறவர்கள்தான், பேரேட்டில் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு பத்தியைத் தடுக்காமல் வாசிக்கக்கூடியவர்கள் 4 பேர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். சிலர் நாலாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு அப்புறம் மலையாள வழிக்கு மாறியவர்கள். இரண்டு எழுத்தும் பாதியில் நிற்கிறது.

முதலில் அரிச்சுவடி வாங்கி வந்து, கோடு போட்ட நோட்டில் அ, ஆ என்று ஆரம்பித்தேன். மூன்றே வாரத்தில் 11 பேர் 5 ஆகிவிட்டார்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அணில் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அவள் கூசிப்போகிறாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் பெரிய மழை. கரண்ட் போய்விட்டது. இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒருத்தி அவள் ஆச்சியின் பாட்டு ஒன்றை எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வகுப்பில் அதில் இரண்டு வரியைப் பலகையில் எழுதினேன்:

அட்டை கடிச்ச காலு இன்னும் ஆறலையே
பெரட்டு மணி அடிச்சாச்சு நிக்க நேரமில்லையே

ஜூனிலிருந்து வாயே திறக்காத ஒரு பிள்ளை எழுந்து வந்து 'பெரட்டு' என்ற சொல்லில் விரலை வைத்து, "டீச்சர், இதுக்கு இந்த 'ர'வா அந்த 'ற'வா?" என்று கேட்டாள். எனக்கே பதில் தெரியவில்லை! எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்திராத சொல். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது), கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுவது), செக்ரோல் (வேலைநாள் பேரேடு), கங்காணி (மேற்பார்வையாளர்) எல்லாம் எங்கள் வாயில் மட்டும் இருந்த சொற்கள். அன்று அவற்றை வரிசையாகப் பலகையில் எழுதினோம். நான் தூண்டாமலே வாசித்தார்கள்.

அதிலிருந்து வகுப்பு முழுக்கப் பாட்டு, கும்மி, கதை, படம் என்றுதான் போகிறது. பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்று விஷயத்தில் மட்டும் தெளிவில்லாமல் நிற்கிறேன். பள்ளி ஆசிரியர் ஒருவர், பத்தாவது நெருங்கும்போது இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்கிறார். பெரிய மனுஷியான பிள்ளை ஆடக்கூடாது என்று 2 வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கடைசியாக, 3 பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதுகிறார்கள். அதைத் தடுப்பதா, விடுவதா?

கணக்குவாத்தியார் (தேனி)

உங்கள் உழைப்பை மதிக்கிறேன் அம்மா. 22 வருடம் வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

லயத்துப் பிள்ளைக்கு வெளியே போக ஒரே கதவு பத்தாவது, அதற்கப்புறம் பன்னிரண்டாவது. அந்தக் கதவில் கேட்பது மலையாளமும் கணக்கும் ஆங்கிலமும். வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டு, நடனம், டியூஷன் எல்லாமே கிடைக்கும். ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பது வாரத்துக்கு 2 மாலை. அதையும் பாட்டிலே செலவழித்தால் நாளைக்கு அவள் அதே கூடையைத்தான் முதுகில் மாட்டுவாள். கலை வேண்டாம் என்று சொல்லவில்லை, எது முதலில் என்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புதுகை_அறிவொளி (புதுக்கோட்டை, இப்போது குமுளி)

தங்கச்சி, வாத்தியார் சார் இருவருக்கும் வணக்கம்.

1991இல் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் தொண்டர். ஷீலாராணி சுங்கத் அம்மா கலெக்டர். ராத்திரி வயல் வேலை முடித்து வந்த பெண்களை அரிக்கேன் விளக்கடியில் உட்கார வைத்தோம். எழுத்துக்கு முன்னால் ஊருக்குள் போனது பாட்டும் வீதி நாடகமும்தான். ஒரு ஊரில் வகுப்பு தொடங்குவதற்கு முன் கலைக்குழு 3 மாலை போகும், பிறகுதான் பலகையும் சாக்பீசும். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அந்த நேரத்தில்தான். ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள், அதற்கென்று பாட்டே இருந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண் வகுப்புக்கு வர யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

நீங்கள் இருக்கும் மண்ணிலும் இது புதிதில்லை. மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோகும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980இலேயே கலாஜாதா, அதாவது ஊர் ஊராகப் போகும் கலைப் பயணம் நடத்தியது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் அறிவித்தவர் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்த சேலக்கோடன் ஆயிஷா. இந்த இயக்கங்களில் பாட்டு மருந்துக்குத் தேனாக இருக்கவில்லை. என் பேச்சை நாலு பேர் கேட்பார்கள் என்ற தைரியத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது அதுதான். அது வந்த பிறகு அவள் எழுத்தைக் கேட்டு வாங்குவாள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இயக்கம் ஓய்ந்த பிறகு, கையெழுத்துப் போடக் கற்ற நிறையப் பெண்கள் திரும்பவும் கைநாட்டுக்குப் போனார்கள். காரணம், அவர்கள் வாசிக்க ஊரில் ஒன்றுமே இல்லை. தங்கச்சி, உங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்க என்ன இருக்கிறது? பாடப்புத்தகத்தைத் தவிர்த்துச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை

அண்ணா, ஒன்றுமில்லை. ரேஷன் கடைப் பலகையும் பஸ் போர்டும்தான். இரண்டுமே மலையாளம்.

புதுகை_அறிவொளி

அப்படியென்றால் சுவர்ப் பத்திரிகை. சார்ட் ஒன்று, ஸ்கெட்ச் பேனா நான்கு. பிள்ளைகளே எழுதட்டும். பைப்படியில் ஒட்டுங்கள், தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரத்தில் எல்லோரும் வாசிப்பார்கள். அறிவொளியில் எங்களுக்குக் கைகொடுத்தது இது.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் (பாலக்காடு மாவட்டம்)

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதைத்தான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்தேன். சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

தடுக்காதீர்கள். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதுகிற பிள்ளை ஒரு பெரிய வேலையைத் தானாகச் செய்துகொண்டிருக்கிறாள். காதில் விழுகிற ஒலியைப் பிரித்து, அதற்கு எழுத்து தேடுகிறாள். வாசிப்புக்கு அடிப்படையே அதுதான். எழுத்து எதுவாக இருந்தால் என்ன? நாளைக்கு அதே வரியைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பாட்டு இரண்டு எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவளே ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

மலையாளத்தில் நம் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? தமிழில் 'க' ஒன்றுதான். 'கடல்' என்றாலும் 'தங்கம்' என்றாலும் 'மகள்' என்றாலும் அதே எழுத்து, ஒலியை இடம் பார்த்து நாம் மாற்றிக்கொள்கிறோம். மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. ச, ட, த, ப எல்லாமே அப்படித்தான். நம் பிள்ளை ஒன்று கேட்கிற இடத்தில் பலகையில் நான்கு நிற்கிறது. இதை யாரும் அவளிடம் விளக்குவதில்லை, மந்தம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பு வரை அந்தப் பெயரைச் சுமந்த ஒரு பிள்ளைக்கு நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்த நான்கையும் தொண்டையில் கை வைத்துச் சொல்லச் சொன்னேன். 'க' என்றால் தொண்டை சும்மா இருக்கும், 'தங்கம்' என்பதில் வருகிற ஒலிக்கு அதிரும். மூச்சு சேர்ந்தால் உள்ளங்கையில் காற்று படும். அவள் அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

அதே சமயம் ழ, ற, ள இரண்டு மொழியிலும் உண்டு. வடக்கே இருந்து வருகிற பிள்ளைகள் அதற்குத்தான் திணறுவார்கள், நம் பிள்ளைகளுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வாத்தியார் சாருக்கு ஒரு வார்த்தை. பாட்டு இதற்கு எப்படி உதவும் என்று கேட்டால், ஒலியை நீட்டியும் குறுக்கியும் நிறுத்தியும் விளையாடப் பாட்டைப்போல வேறொன்று இல்லை. குறில் நெடிலை நான் கும்மி அடித்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தட்டு குறில், இரண்டு தட்டு நெடில்.

ஏலக்காடு (கம்பம்)

நான் சொல்ல என் மகள் அடிக்கிறாள். அவள் ஒன்பதாவது.

நாங்கள் காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். இங்கே எல்லோரும் பாட்டா படிப்பா என்று பேசுகிறீர்கள். சரிதான். ஆனால் சாயங்காலம் 5 மணிக்கு வகுப்பு வைத்தால் உலையை யார் வைப்பது? தண்ணியை யார் பிடிப்பது? தம்பியை யார் பார்ப்பது? மூத்தவள்தான். பையன் விளையாடப் போய்விடுவான். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆடக்கூடாது என்று சொன்ன அம்மாக்களைப் பற்றியும் சொல்கிறேன். ஆடினால் தப்பு என்று நான் நினைக்கவில்லை. இருட்டில் தோட்டத்துப் பாதையில் தனியாக வருவாளே, யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் பழி அவள் மேல்தானே விழும், அந்தப் பயம்தான். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஆடக்கூடாது என்கிறோம்.

(இதை அடிக்கும்போதுதான் அம்மாவுக்கு இந்தப் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது. மகள்.)

கொழுந்துக்கூடை

அக்கா, உங்கள் பதிவை நாலு தடவை வாசித்தேன். அந்த 2 வீட்டிலும் நான் கலையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குமுளிமழை (குமுளி, இப்போது கோயம்புத்தூர்)

நானும் லயத்துப் பிள்ளைதான் அக்கா, இப்போது நர்சாக இருக்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு 12 வயது இருக்கும்போது வெளியிலிருந்து ஓர் அமைப்பு எங்கள் தோட்டத்துக்கு வந்தது. பெயர் வேண்டாம். கலை வழியாகக் கல்வி என்றார்கள். எங்களுக்குப் பழக்கமே இல்லாத ஒரு நடனத்தை 10 நாள் சொல்லிக்கொடுத்து, இலைதழை வைத்த உடை போட்டு, காரில் வந்தவர்கள் முன்னால் ஆட வைத்தார்கள். நிறையப் படம் எடுத்தார்கள். பிஸ்கட்டும் பென்சில் பெட்டியும் கிடைத்தது. எனக்கு வாசிக்கத் தெரியுமா என்று அந்த 10 நாளில் ஒருவரும் கேட்கவில்லை. தெரியாது அப்போது. ரொம்ப வருடம் கழித்து என் படத்தை ஒரு நன்கொடை நோட்டீசில் பார்த்தேன்.

என் அம்மா அன்று என் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வேலை நேரம். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

தயவுசெய்து உங்கள் பிள்ளைகளின் முதல் மேடை அவர்கள் அம்மா, ஆச்சிகள் முன்னால் இருக்கட்டும். வெளியாள் அப்புறம் வரட்டும். படத்தை இணையத்தில் போடாதீர்கள். அம்மா சம்மதித்தாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், அவள் தயங்கினால் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

வாத்தியார் சார், நீங்கள் சொன்ன கதவு நிஜம். நான் அதன் வழியாகத்தான் வந்தேன். ஆனால் ஒன்பதாவதில் எங்கள் பள்ளியில் கலோத்சவம் என்ற பள்ளிக் கலைவிழாவுக்குத் தமிழ் பத்யம் (செய்யுள்) சொல்ல ஆள் தேடினார்கள். மலையாள வழி வகுப்பில் தமிழ் நன்றாக வாசிக்க வந்தது நான் மட்டும்தான், எங்கள் ஆச்சி சொல்லிக்கொடுத்தது. சப் ஜில்லா வரை போனேன், பரிசு இல்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கணக்கில்கூட.

கணக்குவாத்தியார்

குமுளிமழை அம்மா, நீங்கள் கடைசியில் எழுதிய 'கணக்கில்கூட' என்பதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் வகுப்பில் தப்பான விடை சொல்லிவிடுவோமோ என்று வாய் மூடியே இருந்த பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கணக்கு வராது என்றே எழுதி வைத்திருந்தேன்.

சரி, நான் சொன்ன வரிசையை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் கணக்கை விடமாட்டேன். கொழுந்துக்கூடை அம்மா, பிள்ளைகளின் அம்மாக்களிடம் சம்பளச் சீட்டு இருக்குமே? எத்தனை கிலோ, எத்தனை நாள், பி.எஃப். பிடித்தம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு? அதை வாசிக்கச் சொல்லுங்கள். சதவீதம் அதிலேயே இருக்கிறது.

புதுகை_அறிவொளி

சார் சொன்னது அருமை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்பிள்ளை ஒருமை என்று தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்களே, அது தொடங்கியது சதவீதத்தில்தான். போனஸ் 10 சதவீதம் என்றது நிர்வாகம், 20 வேண்டும் என்றார்கள் பெண்கள். முழக்கங்களைத் தமிழில் அவர்களே கட்டினார்கள். 10க்கும் 20க்கும் வீட்டில் எத்தனை மூட்டை அரிசி வித்தியாசம் என்று அந்த அம்மாக்களுக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளுக்கு அதைத் தாளில் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும்.

தறிச்சத்தம் (நகரி, ஆந்திரம்)

இழையை இன்றுதான் பார்த்தேன். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறேன். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து கட்டுகிற ஜமாவில் (கூத்துக் குழு) இருக்கிறேன், முகவீணை என்ற ஊதுகருவி வாசிப்பேன்.

உங்கள் கதையேதான் இங்கேயும். நீங்கள் மலையாளம் என்று எழுதிய இடத்தில் தெலுங்கு என்று போட்டுக்கொள்ளுங்கள். நெசவு வீடுகளில் பேசுவது தமிழ், பள்ளி தெலுங்கு. தமிழ் வழி வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெண்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் தறிக்கு நூல் தார் சுற்ற உட்காருவார்கள்.

எங்கள் கூத்தில் பாஞ்சாலி வேடத்தைக் காலங்காலமாக ஆண்கள்தான் கட்டினார்கள். 3 வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் 6 பெண்பிள்ளைகள் தாங்களாகக் கேட்டு வந்தார்கள். பெரியவர்களுக்குச் சம்மதமில்லை. கோயில் களத்தில் வேண்டாம், வீட்டு வாசலில் பழகட்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வசனத்தைக் கொடுத்தால் ஒருத்திக்கும் தமிழ் வாசிக்க வரவில்லை. நான் சொல்லச் சொல்லத் தெலுங்கு எழுத்தில் தமிழ் வசனத்தை எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. டீச்சர் எழுதியதை வாசித்த பிறகு மனம் லேசாகிறது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தெலுங்கில் எழுதினால் 'பழம்' என்பதில் ழ எழுத முடியவில்லை. ள போட்டுச் சமாளித்தார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, "மாமா, இந்தச் சத்தத்துக்குத் தமிழில் எழுத்து இருக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு எழுத்தில் ஆரம்பித்து 4 மாதத்தில் முழு வசனத்தையும் தமிழில் எழுதிவிட்டாள். நான் எந்தப் பாடமும் எடுக்கவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்குக் கூத்து ஆகுமா என்று கேட்டால் என் அனுபவத்தில் ஒன்று: கட்டியக்காரன் (கூத்தில் இடையே வந்து கேலி பேசுகிறவன்) வேடத்தைக் கொடுங்கள். அதற்குப் பெரிய ஆட்டமோ அலங்காரமோ வேண்டாம். நின்ற இடத்தில் யாரையும் எதையும் கேள்வி கேட்கலாம், ராஜாவைக்கூட. வீட்டில் அடங்கி இருக்கச் சொல்லப்பட்ட பிள்ளை கட்டியக்காரனாக வந்து "துரியோதன மகாராஜா, சபையில் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்டபோது எங்கள் தெருவே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த வசனம் புத்தகத்தில் இல்லை, அவளே எழுதியது.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

தம்பி, நெகிழ்ந்துபோனேன்.

கொழுந்துக்கூடை, இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் முதல்முறையாகப் பழங்குடிக் கலைகள் 5 சேர்த்தார்கள். உங்கள் மாவட்டத்துப் பளியர் நடனமும் மலைப்புலையர் ஆட்டமும், அட்டப்பாடி இருளர் நடனமும் அதில் உண்டு. அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். அவர் பாடியது தன் இருள மொழிப் பாட்டு. உங்கள் பிள்ளைகளிடம் அவர் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். வீட்டுப் பேச்சில் இருக்கிற பாட்டு வெட்கப்பட வேண்டியதில்லை என்று நாம் 100 தடவை சொல்வதைவிட அது நன்றாகப் புரியும்.

இடம், பாதுகாப்பு விஷயத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் பாலசபை (பிள்ளைகள் குழு) உங்கள் வார்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் பெயரில் நடந்தால் அம்மாக்கள் நம்பி அனுப்புவார்கள். திடீரென்று ஒரு பிள்ளை வருவதை நிறுத்திக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ மறக்காதீர்கள். 18 ஆகாமல் கல்யாணம் சட்டப்படி குற்றம். ஆனால் முதலில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள், நீங்கள் அந்த மண்ணின் பெண்.

கொழுந்துக்கூடை

எல்லோருக்கும் பதில் சொல்ல 3 வாரம் ஆகிவிட்டது. செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வகுப்பை ஞாயிறு மதியம் 2 மணிக்கு மாற்றிவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பலாம். தம்பி தங்கைகளைக் கூட்டி வரலாம் என்று சொன்னேன். முதல் ஞாயிறே 9 வாண்டுகள் வந்து இறங்கினார்கள்! அறையின் ஒரு மூலையில் பாய் விரித்து, என் கடைத் துணித்துண்டுகளைப் போட்டு விளையாட விட்டிருக்கிறேன். பெரியவர்களில் இருவர் முறை வைத்து அவர்களுக்குக் கதை சொல்கிறார்கள். கதை சொல்ல வேண்டுமே என்று ஒருத்தி வீட்டில் வாசித்துவிட்டு வந்தாள். அவள் வாசிக்கத் திணறுகிற பிள்ளை.

நிறுத்திய 2 வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் பாதையைப் பற்றிப் பேசினோம். மற்றப் பிள்ளைகள் சேர்ந்து வந்து கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவிடுவதாகச் சொன்ன பிறகு அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் இன்னும் இல்லை. அப்பா முகம் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சுவர்ப் பத்திரிகைக்கு எழுதும் வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன், எழுதித் தருகிறாள்.

சுவர்ப் பத்திரிகை 2 வந்துவிட்டது. பெயர் 'பெரட்டு'. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம். முதல் இதழில் ஆச்சியின் பாட்டு, அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைப்பதா உப்பு வைப்பதா என்று 5 ஆச்சிகளிடம் கேட்டு எழுதியது, பைப்பில் தண்ணீர் வராத நாட்களின் கணக்கு. தண்ணீர்க் கணக்கை வாசித்துவிட்டு வார்டு மெம்பர் வந்து விசாரித்தார். மலையாளப் பக்கத்தைத்தான் வாசித்தார். தங்கள் மலையாளத்தை ஒருவர் தப்புக் கண்டுபிடிக்காமல் கடைசி வரை வாசித்ததைப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு சார், சம்பளச் சீட்டு வந்தது. 7 அம்மாக்கள் கொடுத்தார்கள். ஒரு சீட்டில் 2 நாள் விட்டுப்போயிருந்ததை அந்த அம்மாவின் மகளே கண்டுபிடித்தாள். ஆபீசில் கேட்டிருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் சதவீதத்துக்கு 10 கணக்கு எழுதி அனுப்ப முடியுமா? கிலோ, ரூபாய், நாள் இவற்றை வைத்தே இருக்கட்டும்.

மேடை அடுத்த மாதம் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, பைப்படி முற்றத்தில். அம்மாக்களும் ஆச்சிகளும் மட்டும். போன் படம் கிடையாது என்று பிள்ளைகளே ஓர் அட்டையில் எழுதி வைத்துவிட்டார்கள். வாயே திறக்காமல் இருந்தவள்தான் கட்டியக்காரன். கங்காணியிடம் என்ன கேட்கப் போகிறாள் என்று என்னிடமே சொல்ல மாட்டேன் என்கிறாள்.

தறிச்சத்தம் அண்ணா, கட்டியக்காரன் நுழையும்போது வாசிக்கிற தாளத்தை மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள். இங்கே லயத்துப் பக்கம் சிக்னல் விடிகாலையில்தான் கிடைக்கும், சின்னதாக இருந்தால் இறங்கிவிடும். எங்களிடம் முகவீணை இல்லை, ஒரு பழைய உறுமி இருக்கிறது. போதுமா?

தறிச்சத்தம்

தாராளமாகப் போதும் தங்கச்சி. இன்று ராத்திரி தறி நின்றதும் வாசித்து அனுப்புகிறேன். முதல் தடவை மெதுவாக, இரண்டாவது தடவை ஓட்டத்தில்.